பத்தாவது எண்

“வைன்னு சொல்றாங்க, எடுன்னு சொல்றாங்க. எங்க வைக்கணும்னு மட்டும் ஒருத்தரும் ஒழுங்கா எழுதித் தொலைக்க மாட்டேங்கறாங்க!”

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்லிவிடுவார் அந்த அம்மாள். அலுவலகத்தில், கணினிச் சிப் தயாரித்தவர்கள் கொடுத்த கையேட்டைப் புரட்டியபடி சொல்வார். வீட்டில் கத்தரிக்கோலைக் காணாமல் தங்கையிடம் சொல்வார். தையல்காரியான அந்தத் தங்கை, மெஷினை நிறுத்தாமலே, அக்காவின் குரலை மூக்கால் இழுத்து, “எழுதித் தொலைக்க மாட்டேங்கறாங்க” என்று கூடவே பாடி முடிப்பாள். எதற்கெடுத்தாலும் எழுத்தில் கேட்பதால் அலுவலகத்தில் அவருக்கு ‘ரசீது மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் ரசீது.

இருபத்து மூன்று வருடமாக ஒரே நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை வரும் என்பதால் அதைத் திறந்ததே இல்லை.

அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கணினி மொழி இருந்தது. குடிநீர் நிலையங்களில் பம்பையும் வால்வையும் ஓட்டும் புரோகிராம்கள் அதில் எழுதப்பட்டவை. ஆனால் அந்த மொழிக்குத் தானாக ஒரு வால்வைத் திருகத் தெரியாது. வேறு மொழியில் எழுதிய ஃபங்ஷன் என்னும் குட்டி புரோகிராமைக் கூப்பிட்டு, வேண்டிய எண்களைக் கொடுத்து, வேலை வாங்க வேண்டும். எந்த எண்ணை எங்கே வைத்துவிட்டுக் கூப்பிடுவது என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். பழைய சிப் தயாரிப்பு நின்றுபோனது. புதிய சிப்புக்கு இந்தக் கூப்பிடும் வேலையை மாற்றி எழுதும் பொறுப்பு ரசீது மேடத்தின் தலையில் விழுந்தது. மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் வேலை வெளியாட்களுக்குப் போகும், அவருடைய நாற்காலியும் காலியாகும். மேனேஜர் இதை எழுத்திலேயே கொடுத்திருந்தார். கேட்டு வாங்கியதும் ரசீது மேடம்தான்.

புரோகிராமைப் புதிய சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் வந்து சேரத் தாமதமானது. அது வரும்வரை சும்மா உட்கார மனமில்லாமல், எண்களைக் கொடுக்கும் பக்கத்தையும் கையால் எழுதினார், வாங்கிப் பார்க்கும் பக்கத்தையும் கையால் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். அத்தனையும் திரையில் பச்சை, அதாவது பாஸ். வேலை முடிந்தது என்று மேனேஜர் அன்றே வாடிக்கையாளருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கம்பைலர் வந்தது. உண்மையான வால்வு ஃபங்ஷன்களை அதில் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். குழாய் உடைந்தால் வால்வை அவசரமாக மூடும் ஃபங்ஷனுக்கு மட்டும் பத்து எண்கள். பத்தாவது, எத்தனை விநாடிக்குள் மூட வேண்டும் என்பது. முப்பது என்று கொடுத்தார். போய்ச் சேர்ந்தது என்னவோ கோடிக்கணக்கில் ஒரு எண். அந்தக் கணக்கில் வால்வு மூடுவதற்குள் பம்ப் ரூமே முழுகிவிடும். முதல் எட்டு எண்களுக்குச் சிப்புக்குள்ளேயே இடம் உண்டு. மிச்சம் வெளியே நினைவகத்தில் வரிசையாக உட்காரும். பழைய சிப்பில் ஆளுக்கு நாலு பைட் இடம், புதியதில் எட்டு. கைப்பழக்கத்தில் நாலு என்றே போட்டிருந்தார். வரிசையின் தலையில் இருந்ததால் ஒன்பதாவது தப்பித்தது. பத்தாவது அடிபட்டது.

“என்னக்கா, மூஞ்சி இப்படித் தொங்குது?” என்றாள் தங்கை அன்று ராத்திரி, வாயில் குண்டூசியோடு.

“குடுக்கறதையும் நான்தான் எழுதினேன், வாங்கறதையும் நான்தான் எழுதினேன். ரெண்டும் ஒரே தப்பைப் பண்ணுதுடி. அதான் ஒத்துப்போச்சு.”

“கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே எழுதி, நூத்துக்கு நூறும் நீயே போட்டுக்கிட்டியா?”

கிண்டலாகத்தான் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை என்றதும் குண்டூசிகளைத் துப்பி டப்பாவில் போட்டாள்.

“சரி, திருத்திட வேண்டியதுதானே?”

“அதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். ஆனா அந்த நானூத்திப் பன்னெண்டும் இனிமே எதுக்கும் சாட்சி ஆகாது. எல்லாத்தையும் கம்பைலரை வெச்சுத் திரும்பப் பண்ணணும். மூணு வாரம் ஆகும்.”

“எத்தனை நாள் இருக்கு?”

“ஒம்பது.”

“சொல்லாம விட்டா?”

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். சாப்பிடாத தட்டு.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

“எல்லாம் பச்சையா இருக்கே மேடம்!”

“ரெண்டு பொய்ச் சாட்சி பேசி வெச்சுக்கிட்டு வந்தாலும் பச்சைதான் சார் வரும்.”

“அதான் திருத்திட்டீங்களே. அப்புறம் என்ன?”

“இது கண்ணுல பட்டுச்சு, திருத்தினேன். படாதது எத்தனைன்னு எனக்கே தெரியாது.”

“அதையெல்லாம் அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். இப்ப ஒரு கையெழுத்து போடுங்க, போதும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

‘அனைத்தும் சோதிக்கப்பட்டன’ என்று தாளில் இருந்தது. ரசீது மேடம் இரண்டு முறை படித்தார். அந்த வரியை அடித்து, கீழே ‘சோதிக்கப்படவில்லை, மூன்று வாரம் தேவை’ என்று எழுதி, அதற்குக் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று கேட்டார். மேனேஜர் கொடுக்கவில்லை.

ஒன்பது நாளும் குனிந்த தலை நிமிரவில்லை. நூற்று அறுபது சோதனைகள் முடிந்தன. இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று, தசம எண்களைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஒளிந்திருந்தது. மாதம் முடிந்தது. வெளியாட்கள் வந்தார்கள், அவருடைய குறிப்புகளை வாங்கிக்கொண்டார்கள், அவருடைய நாற்காலி உயரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

கடைசி நாள் லிஃப்ட்வரை மேனேஜரும் கூட வந்தார். மனிதருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

“நீங்க பேசாம இருந்திருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது மேடம்.”

“தெரிஞ்சிருக்கும் சார். பம்ப் ரூம்ல இடுப்பளவு தண்ணில நிக்கற ஆளுக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கும். அவரு ஈரத்தோட வந்து உங்க மேசை முன்னால நின்னு சொல்றதுக்கு, காஞ்ச துணியோட நான் வந்து சொன்னது தேவலை. உங்க தரையாவது நனையாம இருக்கு.”