பால் கேனுக்குள் விழுந்த குண்டுகள்

டாலஸ் பக்கம் காப்பெலில் இருக்கிற அக்கா வீட்டு கராஜுக்குள் சோப்புத்தூள் எடுக்கப் போனபோதுதான் அந்த இட்லித் தட்டைப் பார்த்தேன். அக்கா கல்யாணத்துக்கு அம்மா கோபியில் வாங்கிக் கொடுத்த தட்டு. குழிக்கு ஒன்றாக, சுட்டு முடித்த கைத்துப்பாக்கிக் குண்டுகள் அதில் உட்கார்ந்திருந்தன. சில காளான் மாதிரி தலை விரிந்து முழுசாக இருந்தன. சிலவற்றில் மேலே இருந்த செம்புத் தோல் கிழிந்து, உள்ளிருந்த ஈயம் துணுக்கு துணுக்காகக் கிடந்தது. பக்கத்தில் நகை நிறுக்கிற சின்னத் தராசு. பின்னால் வந்த அக்கா, ஈயம் பட்டுவிட்டதால் அந்தத் தட்டு இனிமேல் சமையலுக்கு ஆகாது என்றாள், தட்டுதான் பிரச்சினை என்பது போல.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உடைந்து போன இயந்திர பாகங்களைப் பார்த்து, ஏன் உடைந்தது என்று சொல்வது அவர் உத்தியோகம். கரப்பான் பூச்சியைக்கூட பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிற ஆள். கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷமே, டாலஸிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவில் பத்து ஏக்கர் வாங்கிப்போட்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்த ஊரில் குடியிருந்தாலும் காலடியில் கொஞ்சம் மண் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அக்கா அதில் கடலையும் வெண்டையும் போட்டாள். சனி ஞாயிறு ஆனால் அங்கேயேதான் கிடப்பாள். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கடலையைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். துப்பாக்கி அதற்குத்தான் என்றார் மாமா. நான் நம்பவில்லை. எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கலிபோர்னியாவில் நான் இருக்கிற பிளசன்டனில் பக்கத்து வீட்டுக்காரர் பாயசம் கொடுத்தாலும் என்ன காரியத்துக்கு என்றுதான் முதலில் யோசிப்பேன். பன்றிகள் அஞ்சு வருஷமாக வருகின்றன. அத்தனை நாளும் தகர டப்பாவைத் தட்டி விரட்டிய மனுஷனுக்கு இப்போது மட்டும் எதற்கு இது?

மறுநாள் என்னையும் நிலத்துக்குக் கூட்டிப்போனார். வண்டியின் பின்பக்கம் முழுக்கக் காலி பால் கேன்கள். காப்பெலில் தெரிந்த தமிழ்க் குடும்பம் அத்தனையிடமும் கேட்டு வாங்கியிருந்தார். தயிர் உறை ஊற்றுகிற வீடுகளில் கேலன் கேனுக்கா பஞ்சம்? பிள்ளைகளின் சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு என்று நினைத்து எல்லோரும் கழுவி வேறு கொடுத்திருந்தார்கள். கேன்களில் தண்ணீர் நிரப்பி ஒரு பலகை மேல் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, ஒரு முனையிலிருந்து சுட்டார். முதல் தோட்டா விலை கூடியது, வேகமும் கூடியது. முதல் கேன் வெடித்துச் சிதறியது, நான் மிரண்டு போனேன். ஆனால் இரண்டாவது கேனிலேயே குண்டு செத்துவிட்டது. மாமா குனிந்து ஈயத் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டே, சாதாரண வேகத்தில் தலை விரிவதற்காகச் செய்த குண்டை அதிக வெடிமருந்து போட்டுத் தள்ளினால் அது பட்ட இடத்திலேயே பிய்ந்து போகும், பன்றியின் தோள்பட்டைத் தோலைத் தாண்டாது, அடி வாங்கிய பன்றி ஓடாமல் நம் மேல்தான் வரும் என்று விளக்கினார். வேகமும் வேண்டும், உடையவும் கூடாது. ஈயத்தைச் செம்போடு பிரியாமல் ஒட்டவைத்த குண்டு பரவாயில்லையாம். முழுக்கச் செம்பிலேயே செய்த ஒன்று நாலு கேனைத் துளைத்து ஐந்தாவதில் முழுசாகக் கிடந்தது. அதை எடுத்து ஈரத்தைத் துடைத்துத் தராசில் வைத்தார். எடை ஏறக்குறைய குறையவே இல்லை.

உடையாது என்றுதான் எல்லாத் தோட்டாப் பெட்டியிலும் போட்டிருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"பெட்டி மேல எழுதுனவன் பன்னி முன்னால வந்து நிக்கப் போறதில்ல மாப்ள," என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆள் இருந்த இருப்புப் பிடிக்கவில்லை. அவர் நாலு சுற்று இளைத்திருந்தார். போன் வந்தால் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அக்காவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. வேலை போயிருக்குமோ, வீட்டில் சண்டையோ, இந்த மனுஷன் தன்னை ஏதாவது செய்துகொள்வாரோ, இல்லை அக்காவையே ஏதாவது செய்துவிடுவாரோ என்று என் புத்தி போகாத இடமில்லை. இந்த நாட்டுச் செய்திகளைப் பார்க்கிறவனுக்கு வேறெப்படித் தோன்றும்? மளிகைக்கடை பார்க்கிங்கில் அக்காவைத் தனியாகப் பிடித்து, மாமா உன்னிடம் சரியாக இருக்கிறாரா, என்னோடு பிளசன்டனுக்கு வந்துவிடுகிறாயா என்று கேட்டேன். அவள், பால் வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லி மறுபடியும் கடைக்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு மாமா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவள் அவரிடம் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு மாமா இல்லை. கணையத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் எனக்கே சொன்னார்கள். காரியம் முடிந்து ஒரு மாதத்தில் அக்கா காப்பெல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நிலத்தில் இருந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, சுற்றிலும் ஆள் இல்லாத காட்டில் தனியாக. போன வாரம் அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பிப் போனேன். நான் போய் இறங்கியபோது, சுடிதாருக்கு மேல் பெல்ட் கட்டி அதில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, வெண்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வேலியோரம் ஒரு குழி புதிதாக மண் போட்டு மூடியிருந்தது. முந்தின வாரம் ஒரு தாய்ப்பன்றி நேராக மேலே வந்ததாம். ஒரே குண்டில் விழுந்ததாம். புளி ரசத்துக்கு உப்புப் போட்டதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மாமாவுக்கென்று வாங்கினது கடைசியில் உன் இடுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டதே என்றேன்.

"அவருக்குன்னு யாரு சொன்னா? அவரு இருந்திருந்தா டப்பாவைத் தட்டியே ஓட்டியிருப்பாரு. டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொன்ன அன்னைக்கு, நேரா கடைக்குப் போயி இத வாங்கிட்டு வந்தாரு. நீ ஒத்தையில நிக்கப் போற, எதுவும் பாதியில உடையக் கூடாதுன்னாரு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு பார்க்கிங்கில் அவ்வளவு கேட்டேனே, அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அக்கா குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு கண்ணு. உன் தம்பிக்குத் தெரிஞ்சா நிலத்த வித்துப்போட்டு உன்னைக் கூட்டிட்டுப் போயிருவான்னாரு. பன்னிக்குக்கூட அவரு அவ்வளவு பயப்படல."

என் போனில் மறுநாள் காலை ஃபிளைட்டுக்கு அவள் பெயருக்கும் சேர்த்து டிக்கெட் இருந்தது.