அவள் எழுந்து நின்றால்

எங்கள் ஊர் சிகாமட்டிலிருந்து மூவாருக்கு லீக் ஆட்டம் ஆடப் போகிறோம் என்றதும் என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்குவாஷ் என்ற வார்த்தையை அவள் சக்களத்தி பெயரைச் சொல்வதுபோல்தான் சொல்வாள். நான்கு சுவருக்குள் நின்று ஒரு ரப்பர் பந்தை அடித்து வேர்த்து வழிவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாள். நியாயமான கேள்வி. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

தங்காக் வழியாகத்தானே போகிறீர்கள், எனக்குக் கர்ட்டன் துணி எடுக்க வேண்டும் என்றாள். தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. துணி ஒரு சாக்கு என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

விஷயம் என் நெஞ்சு. போன வருஷம் வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பல மாதம் கழித்து, மறுபடி விளையாடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நிதானமாக ஆடுங்கள், உடம்பு சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த இவள் சும்மா இருக்கவில்லை.

"ஒடம்பு சொல்லி இவரு கேக்க மாட்டாரு டாக்டர். நான்தான் சொல்லணும்."

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எப்படிச் சொல்வாள் என்பதையும் அவள் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டாள். ஸ்குவாஷ் கோர்ட்டின் பின்சுவர் கண்ணாடி. அதன் பின்னால் பார்ப்பவர்களுக்கு பெஞ்சு போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் சரியில்லை என்று பட்டால் எழுந்து நிற்பாள். அவள் எழுந்து நின்றால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நான் மட்டையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பேச்சே கிடையாது. சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காரில் ஏறினாள்.

காரை ஓட்டியவர் எங்கள் கேப்டன். சிகாமட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீனர். எஸ்டேட் ஆட்களோடு வியாபாரம் செய்தே தமிழ் பழகியவர். அவள் வழிநெடுக எனக்கு நினைவூட்டிக்கொண்டே வந்ததில் ஒரு சொல் விடாமல் அவருக்குப் புரிந்தது. புரியாததுபோல் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். தங்காக்கில் அவள் ஏறி இறங்கிய கடைகளுக்கெல்லாம் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய துணிச் சுருளோடு வந்து சேர்ந்தாள்.

ஒரு அணிக்கு ஐந்து பேர். அணியில் கடைசி ஆளான என்னை, ஆட்டத்திலும் கடைசியாகவே போட்டார் கேப்டன். அதற்குள் வெற்றி தோல்வி தெரிந்துவிடும், நான் பதற்றமில்லாமல் ஆடலாம் என்பது அவர் கணக்கு. நல்ல மனுஷர். ஆனால் முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டை நாங்கள் ஜெயித்து இரண்டை மூவார்காரர்கள் ஜெயித்து, எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

எனக்கு எதிரே ஆடியவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு மலாய்க்காரர். என்னைவிட நன்றாகவே இளையவர், மரியாதையானவர். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து நேரம் கொடுத்தார். அந்தக் கயிறு ஒரு தடவைகூட அவிழ்ந்திருக்கவில்லை.

ஐந்து கேமில் மூன்றை எடுப்பவருக்கு ஜெயம். முதல் கேம் அவருக்கு. வெளியே வந்ததும் என் மனைவி தண்ணீரை நீட்டிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றேன். பார்க்கட்டும் என்றாள். இரண்டாவது எனக்கு. மறுபடி நாடி. மூன்றாவதையும் நான் எடுத்தேன். அப்போது நாடி பார்த்துக்கொண்டே, முன்னால் அந்த மூலையில் மெதுவாகத் தட்டிவிட்டீர்களே, அது நன்றாக இருந்தது என்றாள்.  நான்காவதில் தோற்று, ஆளுக்கு இரண்டு கேம் என்று வெளியே வந்தேன். அவனை முன்னாலேயும் பின்னாலேயும் ஓட விடுங்கள், களைத்துப்போயிருக்கிறான் என்று அவசர அவசரமாகச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினாள். நாடி பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஐந்தாவது கேம் ஒன்பதுக்கு ஒன்பது. இன்னும் இரண்டு புள்ளி தொடர்ந்து எடுத்தால் நான் ஜெயிக்கலாம். நெஞ்சில் வலி இல்லை. கால்தான் என்னுடையது மாதிரியே இல்லை. அவர் ஓங்கி அடித்த பந்து பின் மூலைக்குப் போனது. நான் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி, பக்கச் சுவரில் மோதவிட்டு அதை முன்பக்கம் அனுப்பினேன். அடித்து நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். மடியிலிருந்த துணிச் சுருள் கீழே விழுந்து உருண்டு, தரையில் பச்சையாக விரிந்து கிடந்தது.

அவ்வளவுதான். என் முகத்தில் எனக்கே தெரியாத எதையோ அவள் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.  கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தி, அந்த மலாய்க்காரரின் கையைக் குலுக்கி, போதும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். கேப்டன் 'அலமாக்' என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க வெளிய வந்துட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"நீதான எந்திரிச்சு நின்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். கீழே கிடந்த துணியைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பந்து முன்னாடி போச்சுங்க. கேப்டன் தல மறச்சிடுச்சு. அதப் பாக்கத்தான் எந்திரிச்சேன்."

முதலில் சிரித்தது கேப்டன்தான். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து சிரித்தன. கை குலுக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது என்பதுதான் வழக்கம். ஆனாலும் அந்த மலாய்க்காரர் வெளியே வந்து, 'அபாங்' என்று என்னை அண்ணனாக்கி, ஒன்பதுக்கு ஒன்பதிலிருந்தே மறுபடி ஆடலாம், தனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை என்றார். கேப்டன் என் தோளைத் தட்டினார். இவளும், போய் முடித்துவிட்டு வாருங்கள், இனி எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தாள். 

"எத்தன வருஷம் போன்ல 'இதோ கடைசி கேம், வந்துட்டேன்'னு சொல்லியிருப்பீங்க. ஒரு நாளாச்சும் வந்தீங்களா?" என்றாள். "இன்னிக்கு நெசமாவே வந்துட்டீங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் உள்ளே போகவில்லை. அவள் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் மூவார்காரர்களுக்குப் போனது. தோற்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்த லீக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வந்த அணிக்கு உள்ளூர் அணி சாப்பாடு போடுவது எங்கள் லீக்கில் வழக்கம். பக்கத்துக் கடையில் மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது ஒரு வழக்கு கிளம்பியது. நான் கடைசியாக அடித்த பந்து முன்சுவரில் கோட்டுக்கு மேலே பட்டதா, கோட்டுக்குக் கீழே பதித்திருக்கும் தகரத்தில் பட்டு வீணானதா? மேலேதான், புள்ளி எங்களுக்குத்தான் என்றார் கேப்டன். தகரச் சத்தம் தன் காதிலேயே விழுந்தது என்றார் எங்கள் ஆட்டத்துக்கு வெளியே இருந்து புள்ளி எண்ணிச் சொன்னவர். நான் கையைத் தூக்கியதைப் பார்த்துத் திரும்பிவிட்டதால் தனக்குத் தெரியாது என்றார் எதிராளி. கேப்டன் கடைசியில் என் மனைவியைச் சாட்சிக்கு இழுத்தார்.

"தங்கச்சி, நீ அதப் பாக்கத்தான எந்திரிச்ச? நீயே சொல்லு லா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் பாக்கல அண்ணே. எந்திரிச்ச ஒடனே இவரு திரும்புனாரு. அப்புறம் இவரு மூஞ்சத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கேப்டன் என் பக்கம் திரும்பினார். அடித்தவன் நீ, உனக்காவது தெரியும் அல்லவா என்றார். எனக்கும் தெரியாது. பந்து போன திசையில் நான் பார்க்கவே இல்லை.

"நானும் இவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.