இடப்பக்கச் சத்தம்

எழுபதுகளில் என் பழைய ஜீப் நேராக ஓடாது. ஸ்டீயரிங் பெட்டியில்தான் கோளாறு என்று அதன் திருகையே முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சத்தம் எம்பக்கம் கீழ இருந்துல்லா வருது" என்பாள் மனைவி.

"ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்பேன்.

பிரசவ வலியில் துடித்தவளை இலஞ்சியிலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மேலகரம் அருகே ஜீப் வயலுக்குள் பாயப்பார்த்தது. நிறுத்தினேன். கொட்டுகிற சாரலில் உதவிக்கு ஒருவருமில்லை.

"ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஆட்டுதியா?" என்று அவளிடமே கெஞ்சினேன்.

என் இருக்கைக்கு நகர்ந்து ஆட்டினாள். அடியில் படுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் சக்கரம் அசையவில்லை. அதைத் திருப்பும் தண்டின் மூட்டு மட்டும் கடகடவென ஆடியது. கழலவிருந்த நட்டை முடுக்கிக் கம்பியால் கட்டினேன்.

மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

அன்று ஜீப்புக்கு அடியில் கிடந்த எனக்கு மனைவியின் முகம் தெரியவில்லை. அவளுக்கு வலி வரும்போதெல்லாம் அந்த மூட்டு ஆடாமல் நின்றது. பிறகு மறுபடி ஆடியது.