வழுக்கி விழுந்த கை

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு ஊர் ஊராக வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் கல் குவாரி, கொஞ்ச நாள் லாரியில் கிளீனர். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் மட்டும் ஒன்றரை வருடம் இருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்தான் காரணம். உறவு ஒன்றும் கிடையாது. முதல் நாளே என்னை மாப்ள என்றார், நான் மாமா என்றேன். அவர் மனைவி எனக்கு அக்கா ஆகிவிட்டார்.

கொடிக்காலில் தண்ணீர் வற்றாது. வாய்க்கால் ஓரமெல்லாம் பாசி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமா இலைக்கூடையோடு வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். மதியத்துக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"சுளுக்குதான் மாப்ள. எண்ணெய் போட்டு நீவுனா போயிரும்" என்றார். மறுநாளும் அதே கையால்தான் கொடி கட்டினார். கொஞ்சம் மெதுவாக.

வியாழக்கிழமை இலைக்கட்டுகளோடு மதுரைக்குப் போனோம். கையைப் பார்த்தால் கடைக்காரர் கேலி செய்வார் என்று முழுக்கைச் சட்டை போட்டு வீக்கத்தை மறைத்திருந்தார். கட்டுகளை இறக்கி முடிக்கும்போது சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். எந்த ஊர் என்று மாமாவைக் கேட்டார்கள். சொன்னார். ஒரு மோட்டார் சைக்கிள் திருட்டு, விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பதை இங்கே எழுதவில்லை.

நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். உள்ளே அவரை நடத்திப் போவது தெரிந்ததும் "மாமா!" என்று கத்தினேன்.

வாசலில் நின்ற காவலர் திரும்பினார். "யாரைடா மாமாங்குற?"

போலீஸ்காரர்களை மாமா என்று கிண்டல் செய்வது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஐயோ, உங்களை இல்லங்கய்யா. அவரு என் மாமா."

"உள்ள இருக்கவனும் மாமா, வெளிய இருக்கவனும் மாமாவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஜன்னல் வழியாக ஒருவர் லத்தியை எடுப்பது தெரிந்தது. பக்கத்தில் நின்ற வயதான ஏட்டிடம் ஓடினேன். நல்ல முகம் அவருக்கு.

"ஏட்டையா, இடது கையில மட்டும் அடிச்சிராதீங்கய்யா. கொடிக்கால்ல வழுக்கி விழுந்த கை அது."

"எந்தக் கை?"

"இடதுங்கய்யா."

"சரி, சொல்றேன். நீ போய் டீ குடி" என்று உள்ளே போனார்.

ஏதோ உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். பாதி டம்ளரில் மாமாவின் சத்தம் கேட்டது.

நான்கு மணிக்கு ஜீப்பில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இடது கையில் மாவுக்கட்டோடு வந்தார். திருடுபோன வண்டி வேறு ஒருவரிடம் கிடைத்துவிட்டதாம். "நீங்க போகலாம்" என்றார்கள். அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வழுக்கி விழுந்ததில் காயம்' என்று எழுதியிருந்தது.

ஊருக்கு வந்தால் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "என்ன மாமா, பாத்ரூம்ல வழுக்கிட்டீகளா?" "ஸ்டேஷன் பாத்ரூம்ல மட்டும் எப்படிண்ணே இம்புட்டுப் பாசி?" அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ரவுடிகள் மாவுக்கட்டோடு நிற்பதை டிவியில் காட்டும்போது நானும் மாமாவும் அதே பெஞ்சில் உட்கார்ந்து இதே பேச்சைப் பேசியிருக்கிறோம். 'நல்லா வேணும்' என்று மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறது. வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குத்தான் சிக்கல். மாமா வழுக்கி விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எலும்பு செவ்வாய்க்கிழமை உடைந்ததா, வியாழக்கிழமை உடைந்ததா? எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டரிடம் கேட்டேன். "விழுந்தாலும் இப்படித்தான் உடையும், அடிச்சாலும் இப்படித்தான் உடையும். படத்துல கிழமை தெரியாதுப்பா" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகும் இடது கை விரல்கள் மடங்கவில்லை. கொடி கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். வேலைக்கு வர வேண்டாம் என்று கொடிக்கால்காரர் சொல்லிவிட்டார். அடித்தவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அக்கா மனுக் கொடுத்தார். விசாரணைக்கு ஓர் அதிகாரியைப் போட்டார்கள். அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் இருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு முதல் நாள் அந்த ஏட்டு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார். மிரட்டவில்லை. "தம்பி, பொய் சொல்லச் சொல்லல. கை முன்னாடியே அடிபட்டதுன்னு நீதான சொன்ன? அந்த உண்மையை மட்டும் சொல்லு."

அன்று சாயங்காலம் அக்கா சொன்னார்: "தம்பி, கொடிக்கால்ல விழுந்ததை மட்டும் சொல்லிராத. சொன்னா எல்லாம் போச்சு."

உண்மையைச் சொல் என்றவர் போலீஸ்காரர். மறைக்கச் சொன்னவர் அடிபட்டவரின் மனைவி. எந்தப் பக்கம் நிற்பது நியாயம் என்று எனக்குப் புரியவே இல்லை. ஏட்டிடம் நான் சொன்னது மாமாவுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். எனக்குப் பழகிய வழி அதுதான்.

போகவில்லை. விசாரணை அதிகாரி ஒரு பெண். மாமாவும் அக்காவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்ட சத்தத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "கை முன்னாடியே வீங்கி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா மேடம். செவ்வாய்க்கிழமை வழுக்கி விழுந்தாரு" என்று வந்துவிட்டது. அக்கா தலையில் கைவைத்தார்.

டைப் அடித்த தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் மெதுவாகத்தான் படிப்பேன். 'ஏற்கனவே வழுக்கி விழுந்த கை எனச் சாட்சி தெரிவித்தார்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். அதோடு கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

"மேடம், இதை நான் இங்க முதல்ல சொல்லல. ஸ்டேஷன்லயே ஏட்டையாகிட்ட சொன்னேன். அந்தக் கையில அடிச்சிராதீங்கன்னு கெஞ்சுனேன். எந்தக் கைன்னு கேட்டாரு. இடதுன்னேன். உள்ள போனாரு. அப்பறந்தான் சத்தம் கேட்டுச்சு."

மாமா எழுந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினார். "'வழுக்குன கை எதுடா, நீட்டு'ன்னாங்க மேடம். சட்டைக்குள்ள இருந்த கை. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இம்புட்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"இதை ஏன் முன்னாடி சொல்லல?"

"சொன்னா, விழுந்ததையும் சொல்லணும்ல மேடம்."

இரண்டு பேர் சொன்னதையும் அதிகாரி சேர்த்து டைப் அடிக்கச் சொன்னார். புதுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அது மாமாவுக்கு நல்லதா கெட்டதா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அறிக்கை இன்னும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா முன் சீட்டுக்குப் போய்விட்டார். மாமா என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கை போன பிறகு அவருக்கு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பது நான்தான். இனிமேல் என்னிடம் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். கோச்சடை தாண்டியதும் சுண்ணாம்பு டப்பாவையும் ஒரு வெற்றிலையையும் என் மடியில் வைத்தார். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

காம்பைக் கிள்ளினேன். பஸ் குலுங்கியதில் சுண்ணாம்பு அதிகமாகிவிட்டது. துடைப்பதற்குள் வாங்கிப் போட்டுக்கொண்டார். வாய் வெந்திருக்கும். ஊர் வரும்வரை மென்றுகொண்டே வந்தார்.