ஏறுவதற்கு ஒரு கல்

சைக்கிள் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்தேழு வயது. சோளம் அறுத்த காட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத உச்சி வெயிலில், நானே விழுந்து நானே எழுந்து கற்றேன். பிடித்துவிட ஆள் கிடையாது. நான் குள்ளம், சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதனால் வரப்போரத்துக் கல்லில் காலை ஊன்றித்தான் ஏறுவேன். ஏறிவிட்டால் எவளும் எனக்கு ஈடில்லை. மற்றவர்கள் பெடலில் ஒரு கால் வைத்து, மறுகாலால் தரையை இரண்டு உந்து உந்தி ஏறிக்கொள்வார்கள். அது மட்டும் எனக்குக் கடைசி வரை வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உடுமலைப் பக்கத்து நூல் மில்லுக்கு எங்கள் ஊரிலிருந்து ஐந்து பெண்கள் சேர்ந்து போவோம். ஆறு மைல். நான் ஏறுவதற்கு வீட்டில் வாசற்படி, மில்லில் சைக்கிள் ஸ்டாண்டின் திட்டு, நடுவழியில் தண்ணீர் குடிக்க நிற்கும் இடத்தில் மைல்கல். எப்போதும் அந்த மைல்கல்லிடம்தான் நிற்போம். எப்படி வழக்கமானது என்று நான் யோசித்ததில்லை. கல் இல்லாமல் ஏற வராது என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. மருமகளிடம் மட்டும் பீற்றிக்கொள்வேன்.

"இந்த வயசுல நானே கத்துக்கிட்டனாக்கும். உங்களுக்கெல்லாம் பின்னால ஒரு ஆளு புடிச்சுட்டு ஓடி வரோணும்."

அது ஐப்பசி மாதம். பகல் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போதே வானம் கருத்திருந்தது. மைல்கல்லைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது மழை. உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தும் முகத்தில் அறைந்தது. முன்னால் போன மூன்று பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவள் எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரி. மில்லில் என் பக்கத்து மிஷின். என்னைவிட இருபது வயது சிறியவள்.

சடாரென்று சத்தம்.

"அக்கா! நில்லுங்க்கா! உழுந்துபோட்டேன்!"

தலையை லேசாகத் திருப்பி, கொங்காணி ஓரமாகப் பார்த்தேன். வண்டியின் கீழே கால் மாட்டிக் கிடந்தாள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, முள்வேலி. ஒரு கல் இல்லை, பாலத்துச் சுவர் இல்லை. இறங்கினால் அவள் கண் முன்னாலேயே ஏற முடியாமல் தடுமாற வேண்டும். ஊர் சிரிக்கும், மருமகள் சிரிப்பாள். மழைச் சத்தத்தில் கேட்காதவள்போல மிதித்தேன். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். அதுவும் கேட்டது.

ஊர்க் குழாயடியில் முன்னால் வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

"எங்கீங்க்கா அவ?"

"பின்னால வந்துட்டிருக்கறா."

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். நெளிந்த சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, நொண்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

மறுநாள் பன் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கணுக்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. அவள் மாமியார் பொரிந்தாள்.

"கூடப் போனவிய ஒருத்தருமா திரும்பிப் பாக்குல?"

"அந்த மழையில காது எங்கீங்க அத்தை கேக்கும்? அக்காளுக்குக் கேட்டிருந்தா உட்டுப்போட்டு வந்திருப்பாங்களா?" என்றாள் அவள்.

"ஆமாங் கண்ணு, ஒண்ணுமே கேக்குல," என்றேன்.

எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். அன்றும் திரும்பும் வழியில் தூறல் போட்டது. முன்னால் போனவள் வண்டியை நிறுத்தி, சாக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். சுற்றிலும் கல் எதுவும் இல்லை. நான் இறங்காமல் மெல்ல மிதித்தபடியே வந்தேன்.

"இங்க வேண்டாமுங்க. மைல்கல்லுக்கே போயிரலாம்," என்றாள் எனக்குப் பின்னாலிருந்து கடைசி வீட்டுக்காரி.

"ஏன் அம்மணி, அங்க மட்டும் மழை பேயாதா?"

"எப்பவும் அங்கதானுங்க நிப்போம். வாங்க, வாங்க."

எல்லாரும் சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். அவள் சிரிக்கவில்லை; என் பக்கம் பார்க்கவும் இல்லை. நடுவழியில் முதலில் கீழே இறங்குகிறவள் தினமும் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை மாதமாக எனக்காக அந்தக் கல்லிடம் நின்றிருக்கிறாளோ! கல்லின் சேதி தெரிந்தவளுக்கு, அன்றைக்கு நான் ஏன் நிற்கவில்லை என்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும்தானே தன் மாமியாரிடம் அப்படிச் சொன்னாள்.

மைல்கல் வந்தது. சாக்கைப் போட்டுக்கொண்டோம். மற்றவர்கள் உந்தி ஏறிப் போனார்கள். அவள் மட்டும் எனக்கு முதுகைக் காட்டியபடி, பூட்டில் ஏதோ சரிசெய்வதுபோலக் குனிந்து நின்றாள். அந்தக் கல்லின் மேல் கால் வைக்கக் கூசியது. வைத்துத்தான் ஏறினேன்.