அக்கா நீந்திய ஆறு

கிரேக்கத் தீவொன்றில் ஓட்டல் வேலை பார்க்கும் பேத்தி வீடியோ அனுப்பியிருந்தாள். பாறையிலிருந்து நீலக் கடலில் தொபுக்கென்று குதிக்கிறாள். அந்தச் சத்தம் என்னை, பர்மாவில் நாங்கள் வளர்ந்த அலோன் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனது.

சேறும் தாரும் நாறும் ஆறு அது. பள்ளி விட்டதும், பர்மியப் பெண்களைப் போல லுங்கியை மார்பில் கட்டி, காற்றைப் பிடித்து மிதவையாக்கி அக்கா நீந்துவாள். ஆளில்லாத கரையில் நான் காவல். அப்பாவுக்குத் தெரிந்தால் அவள் படிப்பு போய்விடும்.

ஒருநாள், "வாடா பயந்தாங்கொள்ளி, முட்டளவு தண்ணிதான்" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

துறைமுகத்திலிருந்து வந்ததும் செருப்பை அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்குள் வருவார். அதுவரைகூடப் பொறுக்காமல் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்காவின் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. அந்த வருடமே அவளை நகரின் மறுகோடியில், தின்கன்ஜூனில் கட்டிக்கொடுத்தார்கள். நான் பட்டம் வாங்கினேன்.

இப்போது அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்டா. கரையில வேற யாரு இருந்தா? தள்ளி உக்காரு, வெளிச்சத்த மறைக்கிற."