இறங்கிய தோளும் ஒரு கல்லச்சுப் படமும்

ஒரே ஒரு படத்தைப் பார்க்கக் குகட்பள்ளியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் போகிறவர்கள் குறைவு. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நாங்கள் போனோம். என் மனைவி மல்லிகா கல்யாணப் பெண்களுக்குப் புடவை கட்டிவிடுகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை நந்தினிக்கு ரிசப்ஷன். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு நந்தினியின் இடது தோள் இரண்டு விரல் இறங்கிவிட்டது. துணி போர்த்திய ஒரு பெண்ணின் பழைய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது மாதிரி கட்டிவிடுங்கக்கா" என்றிருந்தாள். அவள் அம்மாவோ தனியாகப் போன் செய்து, "தோள் சமமாத் தெரியணும், பேட் வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டார்.

மல்லிகா பஞ்சு வைத்து பேட் தைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் போனில் வந்த படத்தில் தோள் பக்கம் ஒரே இருட்டு. அசல் எங்கே இருக்கிறது என்று நந்தினியிடம் கேட்டுக்கொண்டு, நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் எடை சரிபார்க்கிற எனக்கும் லீவு போட உத்தரவு.

காலை 9.40க்கு மெட்ரோ. நாற்பது நிமிடம், ஆளுக்கு 56 ரூபாய். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, 80 ரூபாய். இடம், பழைய அச்சுப் படங்களின் ஒரு தனியார் சேகரிப்பு. "கைக்கு ஜாரே சாப்? காகஜ்ச் ஹை உதர்" என்றார் ஓட்டுநர். வெறும் காகிதம்தானே இருக்கிறது, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கிறார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

காப்பாளர் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு என்று சொல்லிப் பூதக்கண்ணாடியை நீட்டினார். "கல்லு மேல மெழுகு மாதிரி கட்டியால வரைஞ்சு எடுத்தது மேடம். ஓவியம் படிக்கிறவங்க பார்த்து வரைய முன்னாடி மாட்டி வைப்பாங்களாம். சிரிப்பு நக்கோ, அழுகை நக்கோ, நகை நக்கோ, எதுவும் வேணாம். துணி விழற விதத்துலதான் அழகுன்னு அவங்க நினைப்பு."

குனிந்த மல்லிகா பத்து நிமிடம் நிமிரவில்லை. பிறகு, "இவளுக்கும் தோள் சமமா இல்லையே?" என்றாள்.

"ஹவ் மேடம், ஆமா. ஒரு கால்ல பாரம் போட்டு நிக்கிறா இல்ல? சமமா நின்னா கம்பம் நட்ட மாதிரி இருக்கும்னு வேணும்னேதான் அப்படி வரைஞ்சாங்க."

படத்தில் துணி, உயர்ந்திருந்த தோளிலிருந்து புறப்பட்டுக் குறுக்கே வழிந்தது. இறங்கிய தோளை மறைக்கவே இல்லை.

திரும்பும்போது சொன்னேன்: "அந்தம்மா சொன்னதை மீறினா உன் பேர் கெடும்."

"கட்டிக்கப் போறது அவதானேங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். மல்லிகா முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். இறங்கிய இடது தோளில் ரவிக்கை மட்டும். அறைக்குள் வந்த அம்மா, "பேட் எங்கம்மா?" என்றார். மல்லிகா பையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே வெச்சு விடுங்க."

நந்தினி கண்ணாடியைப் பார்த்தபடி, இடது காலில் பாரம் போட்டு நின்றாள். திரும்பவில்லை. அம்மா பேட்டோடு கிட்டே போனார். அந்த இடது தோளில் உதிர்ந்திருந்த ஒரு மல்லிகைப் பூவைத் தட்டிவிட்டு, பேட்டை மல்லிகாவிடமே கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை 10.30 முதல் 4 வரை, வெள்ளி விடுமுறை, நுழைவு 50 ரூபாய். போட்டோ எடுக்க முடியாது. வாசிக்கிற கண்ணாடியை மறக்காதீர்கள். வரிசையாக எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் ஒன்றின் முன்னால் நில்லுங்கள்.

அந்த பேட் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சூடான குக்கரை இறக்க அதைவிட வசதியான துணி கிடையாது.